கலைக்கூடத்தை மாற்றியமைத்தல்: எழும்பூர் முதல் முதுகுன்றம் வரை

திருப்பாதிரிப்புலியூருக்குப் பாடலிபுத்திரம் என்றும் ஒரு பெயர் இருந்தது. கெடிலக் கரையில் செழித்திருந்த சமணப் பள்ளிகளின் காலத்துப் பெயர் அது. சர்வநந்தி என்னும் சமண முனிவர் லோகவிபாகம் என்ற உலகநூலைச் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், காஞ்சிச் சிம்மவர்மனின் ஆட்சிக்காலத்தில் பாடலிகம் என்னும் ஊரில் எழுதி முடித்தார் எனத் தெரிகிறது. அவ்வூர் இத்திருப்பாதிரிப்புலியூரே என்பது வரலாற்றறிஞர் பலரின் துணிபு. பின்னர்ச் சைவம் தழுவிய பல்லவ மன்னன் இப்பாடலிபுத்திரத்துப் பள்ளிகளை இடித்து, அவற்றின் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற கோயிலை எழுப்பினான் என்று பெரியபுராணம் உரைக்கிறது. அம்மன்னன் மகேந்திரவர்மன் என்பர். அவனுக்கு வழங்கிய விருதுப் பெயர்களுள் சித்திரகாரப்புலி என்பதும் ஒன்று. ஓவியத்தை உயிரென மதித்த ஒருவனே ஓரிடத்துக் கலையைக் கலைத்து வேறோரிடத்தில் அடுக்கினான் என்பது இவ்வூரார் மறக்கவொண்ணாத செய்தி. அப்பள்ளிகளில் எத்தகைய ஓவியங்கள் இருந்தன, எத்தகைய சிற்பங்கள் இருந்தன என்று சொல்ல இன்று எச்சம் ஏதுமில்லை. கல் மட்டுமே இடம் மாறியது. அதனோடு இருந்த பொருள் மாறவில்லை, மறைந்தது.

கலைப்பொருள்களைத் தொகுத்து வைத்த கூடம் ஒன்றைப் புதுக்க வேண்டும், படங்களையும் படிமங்களையும் வேறு முறையில் அமைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இப்பழங்கதையை நினைவுகூர்வது தகும். தமிழ்நாட்டில் அப்பேச்சு மிகுதியாக எழுந்த இடம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம்.

அவ்வருங்காட்சியகம் 1851-இல் தோன்றியது. சென்னை இலக்கியச் சங்கத்தார் அளித்த நிலவியல் பொருள்களே அதன் முதல் முதல். கல்லூரிச் சாலையில் இருந்த பழைய கட்டடத்தில் தொடங்கிய அது, இடம் போதாமல் 1854-இல் எழும்பூரில் உள்ள பாந்தியன் மாளிகைக்குப் பெயர்ந்தது. வெள்ளையர் கூடி நடனமாடவும் நாடகம் காணவும் பதினெட்டாம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட மாளிகை அது. பாந்தியன் சாலை என்ற பெயர் அதனால் வந்ததே. முதல் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபர் ஒரு மருத்துவர். மக்கள் வந்து பார்க்க வேண்டும் என்பதில் அவருக்குப் பெருவிருப்பம். அதற்காகப் புலிக்குட்டி முதலிய விலங்குகளையும் அவ்வளாகத்தில் வளர்த்தார். அவ்விலங்குகள் பின்னர் மக்கள் பூங்காவிற்குச் சென்றன. உயிருள்ளவை இருந்த இடத்தை ‘உயிர்க் காலேஜ்’ என்றும், பதப்படுத்திய விலங்குகளும் பழஞ்சிலைகளும் இருந்த அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் சென்னை மக்கள் அழைத்தனர். அறிஞர் வைத்த எப்பெயரையும்விட இப்பெயர் நெடுங்காலம் நின்றது. காணும் பொங்கலன்று குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றுடன் செத்த காலேஜுக்குச் சென்ற தலைமுறைகள் உண்டு. இந்நாட்டில் கலைக்கூடம் என்பது கற்றவர்க்கு மட்டும் உரிய இடமாக இருந்ததில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று.

அக்கூடத்தின் மாற்றங்களுள் மிகக் கசப்பானது அமராவதிக் கற்களின் வரலாறு.

கிருஷ்ணை ஆற்றங்கரையில் அமராவதியில் இருந்த பெரும் புத்தத் தூபம், அவ்வூரை அமைத்த குறுநில மன்னர் காலத்தில் கட்டடக் கல்லுக்காகத் தோண்டப்பட்டது. காலின் மெக்கன்சி 1797-இல் அதனைக் கண்டார். 1816-இல் மீண்டும் சென்று அளந்து படங்கள் வரைவித்தார். 1845-இல் வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்த சிற்பப் பலகைகள் சென்னைக்கு வந்தன. அவை எலியட் பளிங்குகள் எனப் பெயர் பெற்றன. உண்மையில் அவை பளிங்கு அல்ல. பல்நாட்டுப் பகுதியில் கிடைக்கும் வெளிறிய சுண்ணாம்புக்கல். இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பது பின்னர் விளங்கும். 1859-இல் நூற்றுக்கு மேற்பட்ட பலகைகள் கப்பலேறி இலண்டன் சென்றன. எஞ்சியவையும், ராபர்ட் சூவெல் 1877-லும் ஜேம்ஸ் பர்ஜெஸ் அதன்பின் சில ஆண்டுகளிலும் கண்டெடுத்தவற்றுள் பலவும் எழும்பூரில் தங்கின.

1880-களில் அவற்றைக் காட்சிக்கு வைத்தவர்கள் ஓர் எளிய வழி கண்டனர். பலகைகளைச் சுவரிலேயே சிமெண்டுக் காரை கொண்டு பதித்துவிட்டனர். அக்காலத்து நோக்கில் இதில் குறைகாண இயலாது. கல் விழாது, களவு போகாது, பார்ப்பவர் கண்ணுக்கு நேராக நிற்கும். நிலையான காட்சி என்றால் இதுவன்றோ நிலையான காட்சி என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆனால் சுவர் ஈரத்தை உறிஞ்சும். சென்னையின் கடற்காற்றும் மழையும் அதற்குத் துணை. ஈரம் செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு கல்லுக்குள் புகும். ஈரம் உலரும்போது உப்பு கல்லின் முகப்பில் படிகமாக இறுகும். படிகம் பருத்து மேல்தோலைத் தள்ளும். கருங்கல்லாயின் ஓரளவு தாங்கும். சுண்ணாம்புக்கல் பொடிந்து உதிரும். சாதவாகனர் காலத்துத் தச்சன் செதுக்கிய முகங்கள் இவ்வாறு மாவாகி உதிர்ந்தன. பகைவர் எவரும் உடைக்கவில்லை. காப்பவர் கைப்பட்டே அழிவு வந்தது.

சி. சிவராமமூர்த்தி இச்சிற்பங்களைப் பற்றி 1942-இல் வெளியிட்ட பெருநூலைப் பயின்றவர்க்கு அவற்றின் அருமை நன்கு தெரியும். ஆடை, அணி, வீடு, வண்டி, இசைக்கருவி என்று பழந்தென்னாட்டு வாழ்வு முழுவதையும் அப்பலகைகளிலிருந்து அவர் எடுத்துக் காட்டினார். சங்க இலக்கியம் பயில்வோர்க்கு அந்நூல் ஓர் உரைநூல் போலப் பயன்படும். அத்தகைய பலகைகளைச் சுவரிலிருந்து பெயர்க்க வேண்டும் என்ற எண்ணம் அருங்காட்சியகத்தாருக்கு எழுந்ததில் வியப்பில்லை. பெயர்ப்பதோ எளிதன்று. சிமெண்டு கல்லைவிடக் கடினமானது. உளி வைத்தால் முதலில் உடைவது சிற்பமே. பதித்தவர்கள் சில திங்களில் முடித்த வேலையை அவிழ்க்க நூறாண்டுக்குப் பின் வந்தவர்கள் வேதியியலாரையும் பொறியியலாரையும் கூட்டிக் கலந்தாய வேண்டியிருந்தது. மீளப் பெயர்க்க முடியாத எந்த அமைப்பையும் கலைப்பொருளுக்குச் செய்யலாகாது என்ற இக்காலக் காப்பியலின் முதல் விதி, இத்தகைய பட்டறிவுகளிலிருந்து பிறந்ததே.

இலண்டன் சென்ற கற்கள் நலமாக வாழ்ந்தன என்று எண்ணிவிட வேண்டா. ஜேம்ஸ் பெர்குசன் 1867-இல் அவற்றைக் கண்டது ஒரு வண்டிக்கொட்டிலில். 1880-இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்த அவை, பின்னர் நெடுங்காலம் கிடங்கில் கிடந்தன. 1992-இல்தான் ஈரப்பதம் கட்டுப்படுத்திய கண்ணாடிக் கூடம் ஒன்று அவற்றுக்கென அமைந்தது. 2017-இல் அப்பகுதி மீண்டும் புதுக்கப்பட்டது. ஒரே தூபத்தின் இருபாதிகளில் ஒன்று சுவரில் மூச்சுமுட்ட, மற்றொன்று இருளில் கிடந்தது. எது நல்லூழ் என்று சொல்வது கடினம்.

செப்புத் திருமேனிகளின் கதை வேறு வகையானது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் வந்த பின்னர், ஏர் முனையிலும் கிணறு வெட்டும் கடப்பாரையிலும் தட்டுப்பட்ட படிமங்கள் மாவட்ட ஆட்சியர் வழியாக எழும்பூருக்கு வரலாயின. நாகப்பட்டினத்தில் மட்டும் 1856 முதல் 1930-கள் வரை ஏறத்தாழ 350 புத்தப் படிமங்கள் கிடைத்தன. அவை எழும்பூரில் ஒருங்கே நிற்கவில்லை; பல அருங்காட்சியகங்களுக்குப் பங்கிடப்பட்டன. எஃப். எச். கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் 1932-இல் வெளியிட்ட இந்து சமயச் செப்புப் படிமப் பட்டியல் இத்துறைக்கு அடிப்படை. கிரேவ்லி பூச்சியியல் அறிஞர். உயிரினங்களை வகைப்படுத்திப் பழகிய கண்ணோடு படிமங்களின் பீடத்தையும், சிரசக்கரத்தையும், தோள்மாலையையும் நோக்கிக் காலவரிசை காண முயன்றார் அவர். அருங்காட்சியகத்தில் வேதியியல் ஆய்வகம் தொடங்கி, மின்பகுப்பு முறையால் செம்பின் நச்சுப் பச்சையை அகற்றிய எஸ். பரமசிவன் பணியும் அப்பத்தாண்டைச் சார்ந்ததே. 1963-இல் படிமங்களுக்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது. அதே ஆண்டில் பி. ஆர். சீனிவாசனின் தென்னிந்தியப் படிமங்கள் பற்றிய நூலும் வெளிவந்தது.

திருவாலங்காட்டு நடராசர் அக்கூடத்தின் நடுநாயகம். எழும்பூர்ப் படிமங்களின் நிழற்படங்களைக் கண்டுதான் பிரெஞ்சுச் சிற்பி ரோதென் 1913-இல் சிவநடனம் பற்றி எழுதினார். அவர் தில்லையைக் கண்டதில்லை, எழும்பூரையும் கண்டதில்லை. ஆனந்த குமாரசாமியின் புகழ்பெற்ற கட்டுரை அதற்கு ஓராண்டு முன்னர்ச் சித்தாந்த தீபிகையில் வந்திருந்தது. உலகம் நடராசரைக் கலையாகக் கண்டதற்கு அருங்காட்சியகம் ஒரு காரணம் என்பதை மறுக்க இயலாது.

ஆயினும் தில்லைக்கு அருகில் வாழ்வோர்க்கு இங்கே ஓர் ஐயம் எழும். படிமங்களின் பீடத்தில் வளையங்களும் துளைகளும் காணப்படும். தண்டு கோத்துத் தோளில் சுமந்து செல்வதற்காக அமைந்தவை அவை. செப்புத் திருமேனி வீதிக்கென்றே பிறந்தது. ஆனியிலும் மார்கழியிலும் தில்லைக் கூத்தர் தாமே தேரேறி வருவதைக் கண்டவர், பட்டும் மாலையும் மறைத்த அத்திருமேனியில் முகமும் தூக்கிய திருவடியுமே பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் என்பதை அறிவர். கூடத்துப் படிமமோ ஆடையின்றி, அசைவின்றி, விளக்கொளியில் நிற்கிறது. தெய்வமாக நின்றபோது மறைந்திருந்த தச்சனின் கைத்திறம் முழுதும் இங்கே வெளிப்படுகிறது. வெளிப்படுத்தும்போதே அதன் நடையை நிறுத்திவிடுகிறது. படிமங்களை வடிவ வகைப்படி வைப்பதா, காலவரிசைப்படி வைப்பதா, ஒரே குழியில் கிடைத்தவற்றை ஒருங்கே வைப்பதா என்ற வினாவிற்கு விடை காண்பவர் இதனையும் கருத வேண்டும். ஒரு குழியில் கிடைத்தவை பெரும்பாலும் ஒரு கோயிலின் குடும்பம். படையெடுப்புக்கு அஞ்சி ஒரே இரவில் ஒரே கைகள் புதைத்தவை. சிவனைச் சிவனோடும் அம்மையை அம்மையோடும் பிரித்து அடுக்கினால் வடிவ வரலாறு தெளியும், அவ்வூரின் வரலாறு கலைந்துபோம்.

தில்லைக் கூத்தரும் இத்தகைய இடப்பெயர்ச்சிக்குத் தப்பவில்லை. 1648-ஆம் ஆண்டு இறுதியில் போரச்சத்தால் தில்லையை விட்டு வெளியே கொண்டு செல்லப்பட்ட அப்பெருமான், குடுமியான்மலையிலும் மதுரையிலும் தங்கி, 1686-இல் மீண்டார் எனச் செப்பேடுகள் கூறுகின்றன. முப்பத்தேழு ஆண்டுகளும் சில திங்களும் சிற்றம்பலம் கூத்தரின்றி இருந்தது. மீண்டும் வந்தவர் அதே இடத்தில் எழுந்தருளினார். ஏனெனில் அவ்விடத்தில் வேறெதையும் எவரும் வைக்கவில்லை.

எழும்பூரில் ஓவியங்களுக்குக் கிடைத்த இடம் இன்னும் நிலையற்றது. என்றி இர்வின் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டியார் கட்டி, 1909-இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபம் முதலில் கைத்தொழில் பொருள்களுக்கு உரியதாக இருந்தது. ஃபத்தேபூர் சிக்ரியின் வாயிலை நினைவூட்டும் அச்செந்நிறக் கட்டடம், அருங்காட்சியக நூற்றாண்டை ஒட்டி 1951-இல் தேசியக் கலைக்கூடமாயிற்று. தஞ்சாவூர் ஓவியங்களும் இராசபுத்திரச் சிற்றோவியங்களும் இரவிவர்மா ஓவியங்களும் அங்கே தொங்கின. மானிடவியல் அறிஞர் அ. ஐயப்பன் அப்போது அருங்காட்சியகத்தின் தலைவர். 2002-இல் கட்டடம் நலிந்தது எனக் கூடம் மூடப்பட்டது. ஓவியங்கள் அண்டைக் கட்டடத்திற்குச் சென்றன. புதுப்பிக்கும் திட்டங்கள் வந்தன, மாறின, மீண்டும் வந்தன. ஆண்டுகள் பல கழிந்தன. ஒரு கூடத்தை மூடுவதற்கு ஓர் ஆணை போதும். அதற்குள் ஒரு தலைமுறை ஓவியர்கள் கற்று முடித்து வெளியேறிவிடுவர். அவர்கள் இரவிவர்மாவின் வண்ணப்பூச்சை அவ்வொளியில் கண்டதே இல்லை என்பது எந்தக் கணக்கிலும் ஏறாத இழப்பு.

ஓவியத்தை இடம் மாற்றுவதில் இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று தஞ்சையில் நேர்ந்தது. அதன் தொடக்கம் சிதம்பரத்தில். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி 1931-இல் தஞ்சைப் பெரியகோயிலின் இருண்ட உட்சுற்றில் கைவிளக்குடன் நுழைந்து, உதிர்ந்த நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் ஒளிந்திருப்பதைக் கண்டார். ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே சுவரில் இரு காலங்கள்! கீழே இருப்பதைக் காண மேலே இருப்பதை நீக்க வேண்டும். மேலே இருப்பதும் நானூறு ஆண்டுப் பழமையுடையது. சோழர் ஓவியத்திற்காக நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டி எறிந்திருந்தால் கேட்பார் எவரும் இருந்திரார். பழமையே பெருமை என்று கருதும் மனநிலை நம்மவரிடம் ஆழ வேரூன்றியது. தொல்லியல் துறையின் வேதியியலார் அவ்வாறு செய்யவில்லை. நாயக்கர் ஓவியத்தைக் காரையோடு சேர்த்துத் தோல் உரிப்பதுபோல் உரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டினர். இரண்டும் பிழைத்தன. ஆயினும் சோழர் ஓவியம் மக்கள் எளிதில் நுழையவியலாத உட்சுற்றில் தங்கியது. நாயக்கர் ஓவியமோ தன் சுவரையும் அதன் வளைவையும் இருளையும் விட்டுப் பலகையாயிற்று. எழும்பூரில் கல்லைச் சுவரோடு ஒட்டியவர்கள் செய்ததற்கு நேர்மாறு இது. செயலின் திறத்தைப் பாராட்டலாம். விலை ஏதுமில்லை என்று சொல்ல இயலாது.

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடமும் 1951-இல் தோன்றியதே. ஆட்சியர் டி. கே. பழனியப்பன் முயற்சியில், ஊர்ப்படிமங்கள் ஊரைவிட்டுப் போகலாகாது என்ற மக்களின் விருப்பத்தால் எழுந்தது அது. கொள்ளிடத்தைக் கடந்தால் சீகாழியை அடுத்துள்ள திருவெண்காட்டில் மண்ணிலிருந்து கிடைத்த படிமங்கள் அக்கூடத்தின் அணிகலன்கள். அவற்றுள் இடபவாகனர் கி.பி. 1011-இல் அமைக்கப்பட்டது என்பதைக் கோயிற் கல்வெட்டே உணர்த்துகிறது. அம்மையின் திருமேனி அடுத்த ஆண்டில் அமைந்தது. பாம்புகளாய்ச் சுற்றிய சடைமுடியும் தளர்ந்து சாய்ந்த வலக்கையுமாக நிற்கும் அவ்வுருவத்தின் கை, விடையின் முதுகின்மேல் ஊன்றியதாகத் தச்சன் வார்த்தான். விடை கிடைக்கவில்லை. கை காற்றில் சாய்ந்திருக்கிறது. மாற்றுக் காளை ஒன்றை வார்த்து நிறுத்தலாமே என்று எண்ணுவோர் உண்டாயினும், வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டமை நன்று என்றே தோன்றுகிறது.

இறுதியாகக் கடலூர் மாவட்டத்து முதுகுன்றம். செம்பியன் மாதேவி திருப்பணி கண்ட விருத்தகிரீசுவரர் கோயிலின் புறச்சுவர்க் கோட்டத்தில் நின்ற அர்த்தநாரீசுவரர் கற்சிலை, சிட்னியில் நியூ சவுத் வேல்சு கலைக்கூடம் 2004-இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடம் வாங்கிய பொருள்களுள் ஒன்றாகத் தோன்றியது. முறையாக வாங்கியது என்பதற்குப் பழைய சீட்டும் காட்டப்பட்டது. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1970-களில் ஊர் ஊராகச் சென்று எடுத்த நிழற்படங்களில் அதே சிலை அதே கோட்டத்தில் நின்றது. உடைந்த இடங்கள்கூட ஒத்திருந்தன. ஒரு நிழற்படத்தின் முன் சீட்டு செல்லாதாயிற்று. 2014 செப்டம்பரில், ஆசுத்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஐம்பது இலட்சம் டாலருக்கு வாங்கியிருந்த ஸ்ரீபுரந்தான் நடராசரோடு அச்சிலையும் இந்தியாவிற்கு மீண்டது. முதுகுன்றத்திலிருந்தே களவுபோய்க் கான்பெராவிற்குச் சென்ற பிரத்தியங்கிரா சிலையும் 2016-இல் திரும்பியது. சிட்னியில் ஒரு பீடம் வெறிதாயிற்று. கலைக்கூடத்தார் தம் கூடத்தை மாற்றியமைத்தனர்.

முதுகுன்றத்துக் கோட்டம் அவ்வாறு வெறிதாக இருக்கவில்லை. களவுபோன சிலை இருந்த இடத்தில் மாற்றுச் சிலை ஒன்று நின்றது. எண்ணெயும் சந்தனமும் ஏற்று, வழிபடுவோர் கைகூப்ப நின்றது. அதனால்தான் இழப்பை நெடுநாள் எவரும் உணரவில்லை. கோட்டத்தைப் பார்த்தவர் பலர். சிலையைப் பார்த்தவர் நிழற்படம் எடுத்தவரே.